ஹால்வரின் துப்பாக்கிக்கு ஒரு பத்திரமான இடம்

பெட்டி உள்ளே போக மறுத்தது.

வெண்டல் ப்ரூயிட் அதைச் சாய்த்துப் பார்த்தார், நிமிர்த்திப் பார்த்தார், இடக்கதவு வழியாகச் செலுத்தி வலக்கதவு வழியாக இழுத்தும் பார்த்தார். அவருடைய பிக்கப் வண்டியின் பின்னிருக்கைக்கும் பின்கண்ணாடிக்கும் இடையில் இருந்த சந்து, ஒரு குடையையும் பனி தள்ளும் மட்டையையும் மனமுவந்து ஏற்றுக்கொண்டது. இரண்டு பூட்டுகள் தொங்கிய அந்தக் கறுப்புத் துப்பாக்கிப் பெட்டியை மட்டும் ஏற்கவில்லை.

"என்ன வாத்தியாரே, காலங்காத்தால வண்டியோட மல்லுக்கட்டுறீங்க?"

கேட்டவர் லவோன். பிட்டர் க்ரீக்கில் இருந்த ஒரே இரும்புக் கடையின் உரிமையாளர். தீயணைப்புத் தொண்டர் படையின் தலைவி. ஊர்ச் செய்திகளை ஊருக்குத் தெரிவிக்கும் பொறுப்பையும் தாமாகவே ஏற்றுக்கொண்டவர்.

"ஒண்ணுமில்ல லவோன். ஒரு சாமான்."

"துப்பாக்கிப் பெட்டி மாதிரி இருக்கே?"

"இல்ல, இல்ல. அதாவது, ஆமா. தயவுசெஞ்சு யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"நான் எதுக்குச் சொல்லப் போறேன்?" என்று கூறிவிட்டு லவோன் கடைக்குள் சென்றார்.

வெண்டல் பெட்டியைப் பின்னிருக்கையின் மேல் நீளவாட்டில் கிடத்தி, தம் இரட்டைக் குழந்தைகளின் போர்வையால் மூடினார். போர்வையில் மஞ்சள் வாத்துகள் நீந்திக்கொண்டிருந்தன. வெளியிலிருந்து பார்த்தால், ஒல்லியான மனிதர் ஒருவர் வாத்துகளுக்கு அடியில் நிரந்தர ஓய்வில் இருப்பது போலத் தோன்றியது.

அவர் பள்ளிக்கூடத்தை அடைவதற்குள் தலைமையாசிரியர் வாயிலில் வந்து நின்றுவிட்டார்.

"போர்வைக்குள்ள என்ன இருக்குன்னு நான் கேக்க மாட்டேன், வெண்டல். கேட்டா நீங்க பதில் சொல்ல வேண்டி வரும். வண்டியை வேற எங்கயாவது விட்டுட்டு வாங்க."

வெண்டல் வண்டியைத் திருப்பிக்கொண்டுபோய்த் தேவாலயத்தின் பக்கத்துத் திடலில் நிறுத்திவிட்டு, பனியில் நடந்து வந்து, காலுறைகள் நனைந்த நிலையில் இசை வகுப்பைத் தொடங்கினார். லவோன் யாரிடமும் சொல்லவில்லைதான். தலைமையாசிரியர் யாரோ அல்லவே. அவர் லவோனின் தம்பி.

நிலைமையைச் சற்று விளக்குவது இங்கே கடமையாகிறது.

வெண்டல் ஒஹையோ நகரம் ஒன்றிலிருந்து மொன்டானாவின் இந்தச் சிற்றூருக்கு இசை ஆசிரியராக வந்து, இங்கேயே கொரீனை மணந்துகொண்டவர். கொரீனின் தந்தை ஹால்வர் ஓஸ்ட்பி, மாடு வளர்ப்பவர், குறைவாகப் பேசுபவர். மருமகனிடம் இன்னும் குறைவாகப் பேசுபவர். எல்க் மான் வேட்டைக்கு ஊரே மலையேறும் நாளில் வீட்டில் அமர்ந்து எக்காளத்திற்கு எண்ணெய் போடும் ஒரு மருமகனை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. திருமணம் ஆன நாளிலிருந்து அவர் வெண்டலிடம் ஒரு திருப்புளியைக்கூட நம்பிக் கொடுத்ததில்லை.

அப்படிப்பட்டவர், சென்ற ஞாயிற்றுக்கிழமை உணவு மேசையில், குடும்பத்தார் முன்னிலையில் துப்பாக்கியைக் கொடுத்தார்.

அது சாதாரணத் துப்பாக்கியன்று. ஹால்வரின் தந்தை விட்டுச் சென்றது. ஹால்வருக்கும் அவருடைய அண்ணன் செல்மருக்கும் பொதுவானது. ஓராண்டு தம்பியிடமும் மறு ஆண்டு ஐடஹோவில் இருக்கும் அண்ணனிடமும் அது தங்கும். வேட்டைப் பருவம் தொடங்குவதற்கு முந்தின நாள் அது கைமாற வேண்டும். இந்த ஆண்டு அண்ணனின் முறை.

"வீட்டுல கூரை வேலை நடக்குது. கண்டவனும் உள்ள வந்து போறான்," என்றார் ஹால்வர். "அண்ணன் வர்ற வரைக்கும் இது உன்கிட்ட இருக்கட்டும் மாப்ளே."

"என்கிட்டயா மாமா?"

"ஏன், உனக்கு இஷ்டமில்லையா?"

"ஐயோ, அப்படியில்ல மாமா!"

"வீட்டுக்குள்ள துப்பாக்கி வராது," என்றாள் கொரீன், ஒரு குழந்தையின் வாயிலிருந்து மேசைத் துணியைப் பிடுங்கியபடி. "இதுங்க ரெண்டும் ஏறாத அலமாரி இல்ல. இதுங்க பெரிசாகிற வரைக்கும் கிடையாதுன்னு எப்பவோ சொல்லிட்டேன்."

"வீட்டுக்குள்ள எதுக்கு? வண்டியிலயே இருக்கட்டும்," என்றார் ஹால்வர். "சாவி என்கிட்ட இருக்கும். ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க, மாப்ளே. வண்டியை எப்பவும் போலத் திறந்தே விடு. நம்ம ஊர்ல பூட்டின வண்டியைப் பாத்தாத்தான் திருடனுக்கு ஆசை வரும்."

மாமியார் ஆர்டிஸ் கையிலிருந்த கரண்டி குழம்புச் சட்டிக்குள் விழுந்தது. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"உருளைக்கிழங்கு இன்னும் கொஞ்சம் போடு," என்றார் ஹால்வர்.

அன்று வீடு திரும்பும் வழியில் வெண்டல் வண்டியை மிக மெதுவாக ஓட்டினார். "உங்கப்பா என்னை நம்பறார், கொரீன்," என்று ஊர் எல்லை வரை சொல்லிக்கொண்டே வந்தார். அந்த நம்பிக்கையை, அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை செல்மர் வரும் வரை கீறல் படாமல் காப்பாற்றிவிட்டால் போதும். வாழ்நாள் முழுவதும் அந்த மேசையில் தலைநிமிர்ந்து உருளைக்கிழங்கு உண்ணலாம்.

மறுநாள் மாலை வகுப்பு முடிந்து தேவாலயத் திடலுக்குச் சென்றபோது, வண்டி அங்கே இல்லை.

வெண்டல் திடலை ஒருமுறை ஓடிச் சுற்றிப் பார்த்தார். அவர் தொலைபேசியில் மாமனாரை அழைத்தார்.

"மாமா... வண்டியைக் காணோம்."

"பெட்டி?"

"வண்டிக்குள்ளதான் மாமா இருந்துச்சு."

மறுமுனையில் ஒரு நீண்ட மூச்சு கேட்டது.

"போயிடுச்சா?"

"போயிடுச்சு மாமா."

"நல்லாப் பாத்தியா? பக்கத்துல எங்கயும் இல்லையே?"

"இல்ல மாமா."

"சரி விடு. நடந்தது நடந்துபோச்சு. அண்ணன்கிட்ட நான் பேசிக்கிறேன். நீ மனசு உடைஞ்சு போகாதே, மாப்ளே. போய்ச் சூடா ஏதாவது குடி."

இத்தனை பெருந்தன்மையை வெண்டல் எதிர்பார்க்கவில்லை. அவர் கண்களைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவருடைய வண்டியே திடலுக்குள் நுழைந்தது. ஓட்டி வந்தவர் தேவாலயப் பாதிரியார்.

"மன்னிச்சுக்க வெண்டல். சாவி வண்டியிலயே இருந்துச்சு. பக்கத்து ஊர்ச் சபையிலேர்ந்து நாற்காலி எடுத்துட்டு வர வேண்டியிருந்தது. பெட்ரோல் நிரப்பிட்டேன்."

பிட்டர் க்ரீக்கில் அதுதான் வழக்கம். சாவி வண்டியிலேயே தொங்கும். தேவைப்பட்டவர் எடுத்துச் செல்வார். எரிபொருள் நிரப்பித் திருப்பித் தருவார். வாத்துகளுக்கு அடியில் பெட்டி அப்படியே கிடந்தது. அதன்மேல் இரண்டு நாற்காலிகள் அமர்ந்திருந்தன.

வெண்டல் மகிழ்ச்சி தாளாமல் மீண்டும் அழைத்தார். "மாமா! கிடைச்சிடுச்சு மாமா! ஒண்ணும் ஆகல!"

 இணைப்பு துண்டிக்கப்பட்ட ஒலி மட்டும் கேட்டது.

'கோபம். நியாயமான கோபம்,' என்று வெண்டல் எண்ணினார். இனி வண்டியைப் பூட்டியே தீர வேண்டும் என்று முடிவெடுத்தார். மாமனார் பூட்டக் கூடாது என்று சொன்னது அவருடைய வெள்ளை உள்ளத்தின் அடையாளமேயன்றி வேறில்லை.

மறுநாள் பாதிரியார் வண்டியின் கதவை இழுத்துப் பார்த்துவிட்டு, நெருப்பில் கை வைத்தவர் போல விலகினார்.

"பூட்டியிருக்கியா, வெண்டல்?"

"அது வந்து, ஃபாதர்..."

"நாற்காலிக்காக எடுத்தது உனக்கு மனசுல பட்டிருந்தா நேராவே சொல்லியிருக்கலாம்."

செய்தி பரவிற்று. தபால் நிலையத்தில் வெண்டலைக் கண்டதும் ஒருவர் தம் பணப்பையைக் கையில் எடுத்து உயர்த்திக் காட்டி, "நல்லாப் பாத்துக்கோங்க சார், இது என்னோடதுதான்," என்றார். கறிக்கடையில் பேச்சு நின்றது. இசை வகுப்பில் முரசு அடிக்கும் பெண், "எங்கப்பா உங்களைப் பத்திப் பேசறதைக் கேட்டேன் சார்," என்று மட்டும் சொல்லிவிட்டு மேற்கொண்டு சொல்ல மறுத்துவிட்டாள்.

பூட்டிப் பழக்கமில்லாத மனிதருக்கு நேரக்கூடியது மூன்றாம் நாள் நேர்ந்தது. இரும்புக் கடை வாசலில், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, சாவி உள்ளேயே இருக்க, வெண்டல் வெளியே நின்று கதவைச் சாத்திவிட்டார்.

"கவலையே படாதீங்க வாத்தியாரே!" என்றார் லவோன். "அதுக்குத்தானே நாங்க இருக்கோம்!"

"வேணாம் லவோன், ஒரு கம்பி இருந்தாப் போதும், நானே..."

அதற்குள் ஊர்ச் சங்கு முழங்கியது. தீயணைப்பு வண்டி முந்நூறு அடி தூரத்தைச் சிவப்பு விளக்குடன் கடந்து வந்தது. தொண்டர்கள் தலைக்கவசம் அணிந்து இறங்கினார்கள். சங்கொலி கேட்டு முடிதிருத்தகத்திலிருந்து பாதித் தலையுடன் ஒருவர் ஓடி வந்தார். ஜன்னல் கண்ணாடி ஒரே அடியில் நொறுங்கியது. சிதறிய துண்டுகளைப் பெருக்குவதற்கு வசதியாக, பின்னிருக்கையில் இருந்தவற்றை எடுத்துத் தெருவில் வரிசையாக வைத்தார்கள்: குடை, மட்டை, வாத்துப் போர்வை, துப்பாக்கிப் பெட்டி.

"ஹால்வரோட பெட்டியில்ல இது?" என்றது ஒரு குரல்.

"அவரா? இவர்கிட்டயா?" என்றது மற்றொரு குரல். அந்த இரண்டாவது கேள்வியின் தொனி வெண்டலுக்குப் பிடிக்கவில்லை.

ஜன்னலுக்குப் பிளாஸ்டிக் தாளை ஒட்டிக் கொடுத்தார்கள். இனி அந்த வண்டியைப் பூட்டுவதற்கும் பூட்டாமலிருப்பதற்கும் வேறுபாடு இல்லாமற்போயிற்று. ஒளித்து வைப்பது ஒன்றே வழி என்று வெண்டல் தெளிந்தார். திருடர் எவரும் தொட விரும்பாத பொருளுக்குள் ஒளிக்க வேண்டும். அப்படியொரு பொருள் அவரிடம் இருந்தது. அவர் வாசிக்கும் ஆளுயர டபுள் பேஸ் என்னும் தந்தி வாத்தியத்தின் உறை. அதைத் திருடிச் செல்பவன் அதைச் சுமந்தும் செல்ல வேண்டும். எந்தத் திருடனும் அவ்வளவு உழைக்க மாட்டான்.

துப்பாக்கிப் பெட்டியை உறைக்குள் நிறுத்தி, சுற்றிலும் பழைய கோட்டுகளைத் திணித்து, ஜிப்பை இழுத்து மூடி, வண்டியிலேயே கிடத்தினார். பார்வைக்கு அசல் வாத்தியம். அன்று இரவு வெண்டல் நன்றாக உறங்கினார். அந்த இரண்டு வாரங்களில் அவர் நன்றாக உறங்கிய இரவு அது ஒன்றே.

மறுநாள் ஒரு நல்லடக்கம். இறந்தவர் ஊரின் மூத்த வேட்டைக்காரர்களில் ஒருவர். ஆராதனையில் வெண்டல் பேஸ் வாசிக்க வேண்டும் என்பது முன்பே ஏற்பாடாகியிருந்தது. வகுப்பு முடிந்ததும் அவர் உறையில்லாத வாத்தியத்தைத் தோளில் சாய்த்துச் சுமந்துகொண்டு, பனியில் வழுக்கி வழுக்கித் தேவாலயத்தை அடைந்தார். உள்ளே நுழைந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

பாதிரியார் பழைய மனத்தாங்கலை மறந்து உதவி செய்திருந்தார். வண்டியிலிருந்த உறையைச் சுமந்து வந்து, சவப்பெட்டியின் அருகில் நிறுத்தி, சபையார் முன்னிலையில் ஜிப்பைத் திறந்துகொண்டிருந்தார்.

கோட்டுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. பிறகு பெட்டி வந்தது.

 முதல் வரிசையில் இருந்த விதவை எழுந்தார். பெட்டியைத் தொட்டார்.

"ஓஸ்ட்பி வீட்டுத் துப்பாக்கி," என்றார். "இவரும் ஹால்வரோட அப்பாவும் சேர்ந்து மலையேறின காலத்துத் துப்பாக்கி. கடைசியா ஒரு தடவை இவர்கிட்ட கொண்டு வந்திருக்கீங்களே, தம்பி!"

அவர் வெண்டலைக் கட்டிக்கொண்டு அழுதார். வெண்டல் ஒரு கையால் அவரையும் மறு கையால் வாத்தியத்தையும் தாங்கிக்கொண்டு நின்றார். தாடி வைத்த முரட்டு மனிதர்கள் தொப்பியை முகத்தில் அழுத்திக்கொண்டு விம்மினார்கள். இத்தனை நாள் ஏளனம் செய்த ஊர் அந்த ஒரு கணத்தில் அவரை மன்னித்துவிட்டது.

"திறந்து காட்டுங்க, ஹால்வர்," என்றார் விதவை. "அவர் பக்கத்துல ஒரு நிமிஷம் வச்சு எடுத்துக்கலாம்."

மூன்றாம் வரிசையில் ஹால்வர் எழுந்து நின்றார். அவர் முகத்தில் இரத்தமே இல்லை.

"வேண்டாம்மா! மூடியே இருக்கட்டும். அது... அதுதான் மரியாதை."

"ஆமென்," என்றார் பாதிரியார். சபை முழுவதும் "ஆமென்" என்றது.

வெளியே வந்ததும் ஹால்வர் மருமகனைச் சுவரோரம் ஒதுக்கினார்.

"என்ன மாப்ளே இது?"

"மன்னிச்சிடுங்க மாமா. யாரும் எடுத்துட்டுப் போயிடக் கூடாதேன்னுதான்..."

"எடுத்தா எடுத்துட்டுப் போறான்! நீ ஏன் இவ்வளவு கஷ்டப்படறே? சும்மா வண்டியில கிடக்கட்டும்னுதானே சொன்னேன்?"

 தம்மீது கொண்ட அக்கறையால்தான் மாமனார் இப்படிப் பேசுகிறார் என்று வெண்டல் உருகிப்போனார். ஆனால், இப்போது மாவட்டம் முழுவதற்கும் தெரிந்துவிட்டது: ஓஸ்ட்பி வீட்டுத் துப்பாக்கி, ஜன்னல் இல்லாத ஒரு வண்டியில், ஒரு வாத்திய உறைக்குள் இருக்கிறது. சீசனுக்காக வெளியூர் ஆட்கள் விடுதிகளில் வந்து நிரம்பத் தொடங்கியிருந்தார்கள். விடுதி வாசலில் நின்ற வண்டிகளிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் துப்பாக்கிகள் காணாமற்போவது வாடிக்கை.

வெண்டல் இரும்புக் கடைக்குச் சென்றார்.

"இரும்புல ஒரு பெட்டி வேணும், லவோன். பின்னிருக்கை இருக்கிற இடத்துல. வண்டியோட சேர்த்து வெல்டிங் பண்ணிடுங்க. வண்டியை உருக்கினாலும் அது மட்டும் தனியா வரக் கூடாது."

"அப்ப பின்னாடி உக்கார்றவங்க?"

"வெள்ளிக்கிழமை வரைக்கும்தானே."

லவோன் மனம் வைத்துச் செய்தார். பழைய தானியத் தொட்டியின் தகடு, தண்டவாளத்தில் போடும் மரையாணிகள், மூன்று பூட்டுகள். துப்பாக்கிப் பெட்டி உள்ளே சென்றதும் மூடியை இறக்கி, மேலே சாக்குப்பையைப் போட்டார். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை. பின்னிருக்கை இல்லை என்பது மட்டும் தெரிந்தது.

அதைக் கொரீன் உடனே கவனித்தாள். ஒவ்வொரு இடுப்பிலும் ஒரு குழந்தையுடன் அவள் திறந்த கதவின் முன் நின்றாள்.

"பிள்ளைங்களோட சீட் எங்க?"

"கொட்டகையில பத்திரமா வச்சிருக்கேன் கொரீன்."

"துப்பாக்கி வண்டியில. பிள்ளைங்க சீட் கொட்டகையில."

"வெள்ளிக்கிழமை வரைக்கும்தான்..."

"வெண்டல், நீ ஒரு தடவை என்கிட்ட சொன்னே. உனக்கு மாமனாரைத் திருப்திப்படுத்தணும்னு ஒரு ஆசையும் இல்ல, என்னை மட்டும் பாத்துக்கிட்டாப் போதும்னே."

"அப்ப அவர் எனக்குத் துப்பாக்கி குடுக்கல கொரீன்."

அது சரியான விடையன்று என்பது சொல்லி முடித்த கணத்திலேயே அவருக்குப் புரிந்தது. தாயாரின் காரை வரவழைத்து, கொரீன் குழந்தைகளுடன் பெற்றோர் வீட்டுக்குச் சென்றுவிட்டாள்.

அன்றிலிருந்து வெண்டல் வண்டிக்குள்ளேயே படுத்துக்கொண்டார். வீட்டில் யாரும் இல்லாதபோது, வண்டியில் இருப்பதையாவது காக்க வேண்டும் என்று தோன்றிற்று. பிளாஸ்டிக் தாளின் வழியே காற்று ஊதியது. முதலில் தும்மல் வந்தது, பிறகு இருமல், பிறகு காய்ச்சல். வகுப்பில் அவர் தாளம் காட்ட உயர்த்திய கை தானாகவே நடுங்க, பிள்ளைகள் அந்த நடுக்கத்தையே தாளமாகக் கொண்டு வாசித்தார்கள். காய்ச்சல் ஒட்டிக்கொள்ளும் என்று அஞ்சி ஆசிரியர்கள் எவரும் அவருடன் உண்ண வரவில்லை. மனைவி தொலைபேசியை எடுக்கவில்லை. இரும்புப் பெட்டியின் மேல் முழங்கையை ஊன்றியபடி, ஆறிப்போன சூப்பைக் குடிக்கும்போது, மனிதன் எதற்காகத் திருமணம் செய்துகொள்கிறான், எதற்காக ஊர் விட்டு ஊர் வருகிறான் என்றெல்லாம் அவர் யோசித்தார். விடை எதுவும் கிடைக்கவில்லை. துப்பாக்கி மட்டும் இருந்தது.

வியாழக்கிழமை மாலை ஹால்வரே அழைத்தார்.

"மாப்ளே, வண்டியிலயே படுத்துக்கிறியாமே?"

"ஆமா மாமா. நாளைக்குப் பெரிய மாமா வந்துடுவார். இன்னும் ஒரு ராத்திரிதானே."

"காய்ச்சல்ல உன் குரலே மாறிப்போச்சு. இன்னைக்காவது வீட்டுக்குள்ள போய்ப் படு. மாத்திரை போட்டுக்க. தூக்க மாத்திரையும் ஒண்ணு சேர்த்துப் போட்டுக்க."

"துப்பாக்கி?"

"துப்பாக்கி கிடக்குது, கழுதை! ஆள் முக்கியமா, துப்பாக்கி முக்கியமா?"

திருமணமான நாளிலிருந்து ஹால்வர் அவரை 'முக்கியம்' என்று சொன்னது அதுவே முதல் முறை. வெண்டல் கண்கலங்கினார். இரண்டு மாத்திரைகளையும் விழுங்கிவிட்டு, வீட்டுக்குள் சென்று படுத்து, விடியும் வரை அசையாமல் கிடந்தார்.

காலையில் வெளியே வந்தபோது, வண்டி குட்டையாகத் தெரிந்தது.

காய்ச்சல் என்று முதலில் நினைத்தார். பிறகு கிட்டே சென்று பார்த்தார். வண்டி நான்கு மரக்கட்டைகளின் மேல் நின்றது. சக்கரம் ஒன்றுகூட இல்லை. கதவுகள் திறந்து கிடந்தன. சாக்குப்பை தரையில் கிடந்தது. இரும்புப் பெட்டியின் மூடியில் கடப்பாரையின் கீறல்கள் நிறைந்திருந்தன. தண்டவாள மரையாணிகளில் ஒன்றின் தலை சற்றே தேய்ந்து வழுவழுப்பாகியிருந்தது. ஆனால் மூன்று பூட்டுகளும் முழுதாகத் தொங்கின.

வெண்டல் பெட்டியைக் கட்டிக்கொண்டார். சக்கரம் போனால் என்ன? மனைவி போனால்?  ஆயினும் துப்பாக்கி இருந்தது. திருடர்கள் வந்து, போராடி, தோற்று, எரிச்சலில் சக்கரங்களைக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள்.

சற்று நேரத்தில் ஐடஹோ எண் பலகையுடன் ஒரு பெரிய வண்டி வந்து நின்றது. செல்மர் இறங்கினார், தம்பியைவிட ஒரு தலை உயரம், தம்பியைவிட உரத்த குரல். மறுபக்கத்திலிருந்து ஹால்வர் இறங்கினார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தார், விரலில் கட்டு. பின்னிருக்கையில் ஆர்டிஸ் மடியில் ஒரு மூடிய பாத்திரத்துடன் அமர்ந்திருந்தார்.

"என்ன மாமா ஆச்சு?" என்று பதறினார் வெண்டல்.

"கூரை வேலை," என்றார் ஹால்வர்.

"யாருடா இது, வண்டியை அடைகாக்க வச்சது?" என்றார் செல்மர்.

"திருடங்க வந்துட்டாங்க, பெரிய மாமா. ஆனா பாருங்க!" வெண்டல் காய்ச்சலில் பளபளக்கும் கண்களுடன் பூட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தார். "ஒண்ணும் பண்ண முடியல அவங்களால! துப்பாக்கி பத்திரம் மாமா!"

ஹால்வர் நடைபாதையில் அப்படியே உட்கார்ந்து, தலையை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டார். ஆனந்தத்தில் அப்படி ஆகிவிட்டது என்று வெண்டல் கருதினார்.

"சபாஷ்டா வாத்தியாரே!" என்றார் செல்மர். "ஹால்வர், சாவியைக் குடு."

ஹால்வர் சட்டைப் பையைத் தடவினார். கால்சட்டைப் பையைத் தடவினார். "சாவி... எங்கயோ விழுந்துடுச்சு போலிருக்குண்ணே."

"விழுந்தா விழட்டும்." செல்மர் தம் வண்டியிலிருந்து பூட்டு வெட்டும் கத்தரியை எடுத்து வந்தார்.

"அண்ணே, அப்பா பூட்டின பூட்டுண்ணே. அதை வெட்டறது..."

"போன வருஷம் கடையில நானும் நீயும் சேர்ந்து வாங்கின பூட்டுடா இது!"

இரண்டு பூட்டுகளும் துண்டாகி விழுந்தன. செல்மர் மூடியைத் திறந்தார். உள்ளே, கம்பளித் துணியில் சுற்றி, பக்கத்தில் பக்கமாக, முள்வேலிக்கு நடும் இரும்புக் கம்பங்கள் இரண்டு இருந்தன.

செல்மர் ஒரு கம்பத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"துப்பாக்கி எங்கடா?" என்றார் செல்மர், மிக மெதுவாக.

வெண்டல் கம்பளியை உதறினார். கம்பங்களைத் தூக்கிப் பார்த்தார். பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினார். எங்கே, எப்போது என்று அவர் மனம் பின்னோக்கி ஓடியது. பாதிரியார் கொண்டுபோன மாலையா? தெருவில் வரிசையாக வைத்த பொழுதா? தேவாலயத்திலா? எல்லா இடத்திலும் அது அவர் பொறுப்பில்தான் இருந்தது. எந்த இடத்திலும் ஒழுங்காகக் காக்கவில்லை.

"எங்கப்பா துப்பாக்கிடா அது!" செல்மரின் குரலில் தெருவே நின்றது. "எக்காளம் ஊதறவன்கிட்ட எவன்டா துப்பாக்கியைக் குடுப்பான்? கண்ணு முன்னாடி மாத்தி வச்சிருக்கான், கம்பத்துக்குக் காவல் இருந்திருக்கியேடா!"

"விடுங்கண்ணே," என்று ஹால்வர் மெல்ல எழுந்தார். அவர் நிறம் சற்றே திரும்பியிருந்தது. அவர் இழுத்து இழுத்து நடந்து வந்து வெண்டலின் தோளில் கைபோட்டார். "திருடன் கெட்டிக்காரன். இவன் என்ன பண்ணுவான், பாவம்? போனது போகட்டும். யாரும் இவனை ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. இவன் என் மகன் மாதிரி."

வெண்டல் மாமனாரின் கைகளைப் பற்றிக்கொண்டு தேம்பி அழுதார். "உங்க நம்பிக்கையைக் கெடுத்துட்டேனே மாமா. இந்த ஒண்ணைத்தானே குடுத்தீங்க. என் பேஸை வித்துடறேன் மாமா. இந்த ஊரை விட்டே போயிடறேன். கொரீன்கிட்ட என்ன சொல்வேன்?"

"அழாதே மகனே, அழாதே," என்று ஹால்வர் அவர் முதுகைத் தட்டினார்.

கார்க் கதவு திறந்தது. ஆர்டிஸ் பாத்திரத்தை ஏந்தியபடி இறங்கி வந்து, அதை வெண்டலின் கையில் கொடுத்தார்.

"கண்ணைத் துடைச்சிட்டு இதைச் சாப்பிடுங்க மாப்ளே," என்றார் அவர். "போன சீசன்ல துப்பாக்கியை வண்டிக் கூரை மேல வச்சதை மறந்துட்டு மலையிலேர்ந்து ஓட்டிட்டு வந்து அதைத் தொலைச்சவர் உங்க மாமாதான், உங்க சக்கரம் நாலும் எங்க கொட்டகையில இருக்கு, வந்து எடுத்துட்டுப் போங்க."